எஜமானரின் தொப்பியருகே ஈயோஸ்

விக்டோரியா அரசியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் வளர்த்த ஈயோஸ் என்னும் நாயை எட்வின் லாண்ட்சீர் 1841-ஆம் ஆண்டில் வரைந்த ஓவியத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அரண்மனை நாய் ஒன்றைக் கைதேர்ந்த ஓவியர் ஒருவர் அரசியின் விருப்பப்படி அழகாக வரைந்து கொடுத்தார் என்பதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது, அதைக் கலை வரலாற்றில் வைத்துப் பேசுவது ஏன் என்பது உங்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். அரச குடும்பங்கள் வரைவித்த நாய்ப் படங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை வளர்த்தவருக்கு மட்டுமே பொருள் தருபவை. ஈயோஸின் படத்தை நான் அவற்றிலிருந்து பிரித்து வைப்பதற்குக் காரணம், படத்துக்குள் இல்லாத ஒரு மனிதரை நாயின் நிற்கும் நிலை ஒன்றைக் கொண்டே பார்ப்பவருக்கு உணர்த்திவிடுகிறது என்பதுதான்.

முதலில் படத்தைப் பார்ப்போம். எண்ணெய் வண்ணத்தில் கித்தான் மீது வரையப்பட்ட இதன் உயரம் ஏறத்தாழ 112 சென்டிமீட்டர், அகலம் ஏறத்தாழ 143 சென்டிமீட்டர். நாயை அதன் உண்மை உருவத்துக்கு அருகான அளவிலேயே நிறுத்திக்காட்ட இந்தப் பரப்பு போதும். கறுப்பு உடலும், முகத்திலும் மார்பிலும் பாதங்களிலும் வெண்மையும் கொண்ட கிரேஹவுண்ட் என்னும் மெலிந்த வேட்டைநாய் பக்கத்தோற்றத்தில் நிற்கிறது. பின்னே சிவப்புத் துணி விரித்த மேசை. அருகே மான்தோல் போர்த்திய தாழ்ந்த கால்மணை ஒன்றில் ஆல்பர்ட்டின் உயரமான கறுப்புத் தொப்பி, கையுறைகள், தந்தப் பிடி வைத்த கைத்தடி ஆகியவை வைக்கப்பட்டிருக்கின்றன. இவ்வளவுதான் படம். வேட்டையாடிய பறவைகளோ தோட்டமோ கோட்டையோ அரச முத்திரையோ எதுவும் இல்லை. வெளியே போய்வந்த மனிதர் இவற்றை இப்போதுதான் கழற்றி வைத்தாரா, அல்லது வெளியே புறப்பட இனிமேல்தான் எடுக்கப்போகிறாரா என்பதை ஓவியர் சொல்லவில்லை. நாயின் உடல் விறைப்பிலிருந்து பார்த்தால் இரண்டாவதுதான் எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. நாய் வளர்த்தவர்களுக்கு இந்த நிலை தெரியும். வீட்டுக்காரர் செருப்பைத் தொட்டாலே வாசலில் போய் நின்றுகொள்ளும் நாயின் காத்திருப்பு இது.

வண்ணங்களின் கணக்கைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்னும் மூன்றுமே படத்தை ஆள்கின்றன. கறுப்பு நாயைச் சிவப்பின் முன் நிறுத்தியதால், கழுத்தின் வளைவும் குழிந்த வயிறும் மெலிந்த கால்களும் கத்தரித்து வைத்ததுபோல் தெளிவாகத் தெரிகின்றன. கறுப்புப் பொருளை வரைவது எளிதன்று. மை பூசிய நிழலாகத் தட்டையாகிவிடும், அல்லது வெளிச்சம் அதிகமாகிச் சாம்பல் நிறமாகிவிடும். லாண்ட்சீர் இங்கே இரண்டு வகைக் கறுப்பை அருகருகே வைத்திருக்கிறார். ஒன்று, தசை அசையும்போது மினுங்கும் குட்டை மயிரின் கறுப்பு. மற்றொன்று, தூரிகையால் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய தொப்பியின் பட்டுக் கறுப்பு. இரண்டும் ஒளியை வாங்கும் விதம் வேறு, அந்த வேறுபாடு வண்ணத்தில் தெரிகிறது. இந்தக் கறுப்பும் வெள்ளையும் நாய்க்கும் அந்த உடைமைகளுக்கும் இடையே ஒரு குடும்பச் சாயலை உண்டாக்கிவிடுகின்றன. நாய் யாருடையது என்று எழுதிவைக்காமலேயே, தொப்பிக்கு உரியவருடையது என்பது கண்ணுக்குப் புலனாகிவிடுகிறது.

இந்த ஓவியத்தை வரையச் சொன்னவர் ஆல்பர்ட் அல்லர் என்பது முக்கியமான செய்தி. 1841-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குக் கணவருக்கு வியப்பூட்டும் பரிசாக அளிக்க வேண்டும் என்று விக்டோரியாவே இதை லாண்ட்சீரிடம் ஒப்படைத்தார். திருமணம் நடந்தது 1840 பிப்ரவரி 10 அன்று. இருவருக்கும் அப்போது 20 வயது. தாய்நாட்டையும் உறவையும் விட்டு அயல்நாட்டுக்கு வந்த அந்த இளைஞருக்கு அங்கே அரசியின் கணவர் என்ற இடத்தைத் தவிர வரையறுத்த பொறுப்பு ஏதும் இல்லை. ஆங்கிலேயர் பலர் அவரை ஜெர்மானியர் என்றே ஒதுக்கிப் பார்த்தனர். ஜெர்மனியிலிருந்து அவருடன் வந்த பழைய தோழமைகளுள் ஈயோஸ் ஒன்று. ஆறு மாதக் குட்டியாக அது அவரிடம் வந்தபோது அவர் பதினான்கு வயதுச் சிறுவர். கிரேக்கத் தொன்மத்தில் விடியலின் தேவதைக்குரிய பெயரை அதற்கு வைத்தார்கள். ஆகவே அந்த நாயைப் படமாக்கித் தருவது, கணவரின் இளமைக் காலத்தில் தமக்குத் தெரியாத பகுதியை மனைவி மதித்து ஏற்றுக்கொண்டதற்கு ஒப்பாகும். கணவரின் முகத்தையோ தம் முகத்தையோ வரையச் சொல்லியிருக்கலாம். அத்தகைய படங்கள் அந்த அரண்மனையில் ஏராளமாகவே உருவாயின. அவரை நோக்கி நிற்கும் ஓர் உயிரை வரையச் சொன்னது நுட்பமான தேர்வு. பரிசைப் பெற்றவர் படத்தின் முன் வந்து நிற்கும் கணத்தில், தொப்பிக்கும் கைத்தடிக்கும் உரியவர் வந்துவிடுகிறார், படமும் நிறைவடைந்துவிடுகிறது. இப்படி ஒருவர் பார்ப்பதற்கென்றே அமைந்த கட்டமைப்பை உருவப்பட வரலாற்றில் அரிதாகவே காண்கிறோம்.

இதன் புதுமை விளங்க, அரச நாய்கள் அதற்கு முன் எப்படி வரையப்பட்டன என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். நெடுங்காலம் நாய் மனிதருக்குத் துணைப்பொருளாகவே படத்தில் இடம்பெற்றது. டிஷியன் 1533-இல் வரைந்த பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படத்தில் பெரிய வேட்டைநாய் அவர் பக்கத்தில் நிற்கிறது, அதன் வலிமை அரசரின் வலிமைக்குச் சான்று. வான் டைக் 1637-இல் இங்கிலாந்தின் முதலாம் சார்லஸின் ஐந்து குழந்தைகளை வரைந்தபோது, சிறுவனான மூத்த இளவரசனின் கை ஒரு பெரிய நாயின் தலைமேல் ஓய்ந்திருக்கும். பிற்காலத்தில் ஆளப்போகிறவன் அவன் என்பதற்கு அந்தக் கை போதுமான குறிப்பு. வெலாஸ்கெஸின் புகழ்பெற்ற 1656-ஆம் ஆண்டு அரண்மனைக் காட்சியின் முன்வரிசையில் படுத்திருக்கும் நாயும் நினைவுக்கு வரலாம். இவை எல்லாவற்றிலும் நாய் அருமையாக வரையப்பட்டிருக்கிறது, ஆனால் படம் அதனுடையது அன்று.

நாய்க்கே தனிப் படம் என்ற வழக்கத்தை அரச மட்டத்தில் பெரிதாக வளர்த்தவர்கள் பிரெஞ்சு மன்னர்கள். பதினான்காம் லூயி மன்னருக்காக 1702-இல் தெபோர்த் வரைந்த பெட்டை வேட்டைநாய்களின் படமொன்றில் போன், நோன், பொன் என அவற்றின் பெயர்கள் பொன் எழுத்தில் தீட்டப்பட்டன. பதினைந்தாம் லூயியின் மிஸ், துர்லு என்னும் இரு மெல்லிய நாய்களை ஊத்ரி 1725-இல் வரைந்தார். அங்கும் பெயர்கள் பொறிக்கப்பட்டன. பெயர் எழுதப்பட்டவுடன் நாய் ஓர் இனத்தின் மாதிரி என்ற நிலையிலிருந்து தனி உயிராக உயர்கிறது. ஆயினும் அந்தப் படங்கள் வேட்டையின் பெருமையைச் சொல்பவை. பறவையை மோப்பம் பிடித்து உறைந்து நிற்கும் கணமே தெபோர்த் படத்தின் பொருள். லாண்ட்சீர் வேட்டையை வெளியே நிறுத்திவிட்டு, வேட்டைநாயை வீட்டுக்குள் கொண்டுவந்தார். மான்தோல் மட்டும் அந்த வெளியுலகத்தின் எச்சமாக உள்ளே தங்கிவிட்டது.

லாண்ட்சீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அவர்மீது உள்ள பழைய குற்றச்சாட்டே பலரை இந்தப் படத்தை ஊன்றிப் பார்க்கவிடாமல் செய்கிறது. 1802-இல் லண்டனில், உலோகத் தகட்டில் படம் செதுக்கி அச்செடுக்கும் செதுக்கோவியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 13 வயதில் ராயல் அகாடமி என்னும் கலைஞர் அமைப்பின் கண்காட்சியில் அவர் படம் இடம்பெற்றது; 1831-இல் அதன் முழு உறுப்பினரானார். இறந்த விலங்குகளை அறுத்து, தோலுக்கு அடியில் தசையும் எலும்பும் எப்படிப் பொருந்தியிருக்கின்றன என்று இளமையிலேயே கற்றவர். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் 1867-இல் வைக்கப்பட்ட நான்கு வெண்கலச் சிங்கங்களும் அவர் உருவாக்கியவையே. அரச குடும்பத்துடன் அவருடைய தொடர்பும் ஒரு நாயின் வழியாகவே தொடங்கியது. விக்டோரியா இளவரசியாக இருந்தபோது அவருக்கு உயிராக இருந்த டாஷ் என்ற ஸ்பேனியல் நாயை லாண்ட்சீர் 1836-இல் வரைந்தார். மகளின் 17-ஆவது பிறந்தநாளுக்காகத் தாய் கென்ட் கோமகள் வரைவித்த சிறிய படம் அது. 1838-இல் முடிசூட்டு விழா முடிந்து அரண்மனைக்குத் திரும்பியதும் புது அரசி டாஷைக் குளிப்பாட்டப் போனார் என்ற செய்தி பரவலாக வழங்குகிறது.

குற்றச்சாட்டு என்னவென்றால், லாண்ட்சீர் விலங்குகளுக்கு மனித உணர்ச்சிகளை ஏற்றி, பார்ப்பவரின் கண்ணீரைத் தேடினார் என்பது. இதை முழுவதும் மறுக்க முடியாது. 1837-இல் வரைந்த ஒரு படத்தில் இறந்த இடையனின் சவப்பெட்டி மேல் நாய் தலையைச் சாய்த்துத் துக்கம் கொண்டாடுகிறது. 1840-ஐ ஒட்டிய மற்றொன்றில் நாய்கள் கூடி நீதிமன்றம் நடத்துகின்றன, பூடில் ஒன்று நீதிபதியாக வீற்றிருக்கிறது. முதல் படத்தை நான் மதிக்கிறேன், இரண்டாவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஆனால் ஈயோஸ் இரண்டிலும் சேராதது. அதன் முகத்தில் புன்னகையோ சோகமோ தீட்டப்படவில்லை. பக்கத்தோற்றத்தில் நிற்பதால் நம்மை நேராகப் பார்த்து இரக்கம் கேட்கவும் இல்லை. அதன் ஆர்வம் முழுவதும் கழுத்தின் நீட்சியிலும் கால்களின் ஊன்றலிலும்தான் இருக்கிறது, அதாவது நாய்க்கு இயல்பாக உள்ள மொழியிலேயே இருக்கிறது. 1840-இல் லாண்ட்சீருக்குக் கடுமையான மனநலக் குலைவு ஏற்பட்டிருந்தது. அதற்கு அடுத்த ஆண்டு வரைந்த படத்தில் இவ்வளவு உறுதியும் அடக்கமும் இருப்பது என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது.

ஒரே நாயை அதே ஓவியர் வேறு இடங்களில் எப்படி வைத்தார் என்று ஒப்பிட்டால் இந்தத் தேர்வு இன்னும் தெளிவாகும். குழந்தையாக இருந்த மூத்த இளவரசியுடன் ஈயோஸை அதே 1841-இல் வரைந்தார்; அங்கே அது காவலாளி. 1840-களின் தொடக்கத்தில் பல ஆண்டுகள் இழுத்துச் சென்ற வின்ட்சர் கோட்டைக் குடும்பப் படத்தில், வேட்டையிலிருந்து திரும்பி அமர்ந்திருக்கும் ஆல்பர்ட்டின் முழங்கால் அருகே ஈயோஸ் நிற்க, அரசி எதிரே நின்று அவரைப் பார்க்கிறார், கம்பளத்தின் மேல் செத்த பறவைகள் கிடக்கின்றன. அது பெரிய படம், பலவற்றைச் சொல்ல முயல்வதால் சிதறிய படம். அங்கே ஆல்பர்ட் இருக்கிறார், ஆனாலும் தொப்பியும் கையுறையும் மட்டும் உள்ள படத்தில்தான் அவர் எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிறார்.

நாயின் உண்மைக் குணம் எப்படிப்பட்டது என்பதற்கும் சான்று உண்டு. அறையில் பிளம் கேக் இருந்தால் மிக நட்பாக நடந்துகொள்ளும், கோலைத் தாண்டச் சொன்னால் மனம் சுளிக்கும், வேட்டையில் ஆர்வம் காட்டும், வேட்டை முடிந்ததும் தூங்கி வழியும், மற்ற நாய்களை எப்போதும் இளக்காரமாகப் பார்க்கும் என்று ஆல்பர்ட் கடிதமொன்றில் விவரித்திருக்கிறார். கேக்குக்கு வாலாட்டும் நாயை லாண்ட்சீர் வரையவில்லை, இளக்காரப் பார்வை உள்ள நாயைத்தான் வரைந்தார் என்றால் மிகையாகாது.

படம் வீட்டுப் பரிசாக இருந்தும் வீட்டோடு நின்றுவிடவில்லை. ஓவியரின் அண்ணன் தாமஸ் லாண்ட்சீர் அதைச் செதுக்கோவியமாக்கினார். 1843-இல் அச்சுப்படிகள் வெளிவந்தன. லாண்ட்சீரின் புகழ் எளிய குடும்பங்களின் சுவர் வரை சென்றதற்கு இத்தகைய அச்சுகளே வழி. ஆனால் இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் பதில் குறைபட்டுவிடும். அரசியும் கணவரும் 1840 முதல் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி அமிலத்தால் அரிக்கவைத்து அச்செடுக்கும் முறையைப் பொழுதுபோக்காகப் பழகினர். குழந்தைகள், உறவினர், ஈயோஸ் உள்ளிட்ட வீட்டு நாய்கள் என அவர்களுக்கு நெருங்கிய பொருள்களே அவற்றில் இடம்பெற்றன. படியெடுக்கக் கொடுத்த இடத்தில் ஒருவர் கூடுதல் படிகளை எடுத்துக்கொள்ள, அவை கைமாறி, பொதுக் கண்காட்சி நடத்தவும் விளக்கப் பட்டியல் அச்சிட்டு விற்கவும் ஏற்பாடு நடந்தது. ஆல்பர்ட் வழக்குத் தொடுத்தார். ஸ்ட்ரேஞ்ச் என்ற பதிப்பாளருக்கு எதிரான அந்த வழக்கில் 1849-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வெளியிடப்படாத சொந்தப் படைப்பைப் பற்றிய விவரப் பட்டியலைக்கூட உரியவர் இசைவின்றி வெளியிடக் கூடாது என்ற அந்த முடிவு, தனியுரிமைச் சட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் தொடக்கத்தில் வைத்துப் பேசும் ஒன்று. செல்ல நாயின் படம் யாருக்கு உரியது, யார் பார்க்கலாம் என்ற கேள்வி அந்த அளவுக்குச் சென்றது.

செல்ல நாய்களின் படங்கள் எல்லாம் குற்றமற்ற அன்பின் பதிவுகள் என்றும் எண்ணிவிடக் கூடாது. லாண்ட்சீரின் மாணவர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் கெயில் 1861-இல் விக்டோரியாவின் பெக்கினீஸ் நாய் ஒன்றை வரைந்தார். சிவப்பு மெத்தையில் சின்னஞ்சிறு நாய், பக்கத்தில் ஜப்பானியச் சாடி, அணிந்து வந்த மணிப் பட்டை. நாய் எவ்வளவு சிறியது என்பது தெரியும்படி அருகில் ஏதேனும் வைத்து வரையுமாறு அரண்மனையிலிருந்து ஓவியருக்குச் சொல்லப்பட்டது. 1860-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பீக்கிங் அருகே சீனப் பேரரசரின் கோடைக்கால அரண்மனையைச் சூறையாடியபோது படைத்தலைவர் ஒருவர் எடுத்துவந்து அரசிக்கு அளித்த நாய் அது. அதற்கு வைத்த பெயர் லூட்டி. நாம் குழந்தைகளின் குறும்பைச் சொல்லும் லூட்டி அன்று இது. கொள்ளையைக் குறிக்கும் ஹிந்திச் சொல் ஆங்கிலத்துக்குள் போய்ச் சேர்ந்து, அதிலிருந்து பிறந்த பெயர். கொள்ளைப் பொருள் என்பதை மறைக்காமல் பெயராகவே சூட்டினார்கள். படம் எவ்வளவு கனிவாக இருந்தாலும், அந்தப் பெயரைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அந்த மெத்தையை அமைதியாகப் பார்க்க முடிவதில்லை. ஒரு படத்தை மதிப்பிடும்போது நாய் எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் பார்வையின் ஒரு பகுதிதான்.

ஈயோஸுக்குத் திரும்புவோம். பரிசு கைக்கு வந்து ஏறத்தாழ ஒரு மாதமே ஆகியிருக்கும், 1842 ஜனவரி இறுதியில் வின்ட்சரில் வேட்டையின்போது உறவினரான இளவரசர் பெர்டினாண்டின் துப்பாக்கிக் குண்டு தவறுதலாக ஈயோஸைத் தாக்கியது. குடும்பமே பதறியது. ஈயோஸ் தமக்கு நெருங்கிய தோழி என்று சொல்லிக்கொண்ட பெல்ஜியம் மன்னர் லியோபோல்ட், அதற்குப் பதிலாகக் குடும்பத்தில் வேறு யாரையாவது பெர்டினாண்ட் சுட்டிருக்கலாம் என்று விக்டோரியாவுக்கு எழுதினார். அது தேறிவருகிறது, உடம்பில் பிளானல் துணி சுற்றிக்கொண்டு நடமாடுகிறது என்று அரசி பதில் எழுதினார். பிழைத்தது, ஆனால் 1844 ஜூலை 31 அன்று இறந்தது. பத்தரை ஆண்டுகள் ஆல்பர்ட்டை விட்டுப் பிரியாத துணை, அவருடைய வாழ்வின் இனிய ஆண்டுகளோடு பிணைந்தது என்று விக்டோரியா நாட்குறிப்பில் எழுதினார். வின்ட்சர் பூங்காவில் அதைப் புதைத்து, மேலே வெண்கல உருவம் ஒன்றை வைத்தனர். சிற்பி ஜான் பிரான்சிஸ் அதை வடித்தபோது ஆல்பர்ட்டும் அவ்வேலையில் பங்கு கொண்டார்.

எஜமானர் இல்லாத நாயை வரைவது பிறகு அந்தக் குடும்பத்திலேயே மீண்டும் நிகழ்ந்தது. விக்டோரியாவின் மகன் ஏழாம் எட்வர்ட் 1910 மே 6 அன்று இறந்தபோது, அவருடைய சீசர் என்ற ஃபாக்ஸ் டெரியர் நாய் இறுதி ஊர்வலத்தில் அரசர்களுக்கு முன்னால் நடந்தது. மாட் ஏர்ல் என்ற பெண் ஓவியர், வெறுமையான நாற்காலியில் தலை வைத்திருக்கும் சீசரை அதே ஆண்டில் வரைந்தார். அங்கே இன்மை மரணம். ஈயோஸின் படத்தில் இன்மை ஒரு கணப் பொழுதுதான். கதவு திறந்தால் தீர்ந்துவிடும்.

ஆல்பர்ட் 1861 டிசம்பர் 14 அன்று, 42 வயதில் இறந்தார். அவர் பயன்படுத்திய அறைகளை அப்படியே வைத்திருக்க விக்டோரியா ஆணையிட்டார். ஒவ்வொரு நாளும் அவருக்கான வெந்நீர் கொண்டுவந்து வைக்கப்பட்டது, உடைகள் எடுத்து விரிக்கப்பட்டன, பல ஆண்டுகள்.